சுவர் ஈரமும் பிள்ளை இருமலும்

மழை காலத்தில் உங்கள் கல் வீட்டுச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கிறதா? பிள்ளைக்கு ராத்திரியில் இருமலும் இழுப்பும் வருகிறதா? பூசணத் தூள் மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா கூடும். மருந்து வாங்கினால் மட்டும் போதாது, சுவரையும் பாருங்கள்.

சிமெண்டுக் கல் தண்ணீரை உறிஞ்சும். தீபாவளி வருகிறதே என்று ஈரச் சுவர்மேல் சாயம் அடித்தால், ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சாயம் கொப்பளித்து உரியும். காசும் போச்சு, இருமலும் நிற்காது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். உள்சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் அது சுவர் வழியாக வருவது. முன்பக்கம் கோத்தால் சமையல் ஆவி, வீட்டுக்குள் காயப் போட்ட துணி. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுவர் வழியாக வந்தால், கூரைத் தண்ணீர் சுவரில் வடிகிறதா, சுவரோரம் மண் குவிந்திருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்யுங்கள். வெடிப்பை அடையுங்கள். வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள், கழுவ வேண்டாம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெளிப்புறத்தில் அடிச்சாயமும், அதன்மேல் வெளிச்சுவர்ச் சாயம் இரண்டு பூச்சும்.

தோட்ட வீடென்றால் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. அதற்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.