பள்ளியாண்டின் இறுதியும் பழம்பொருள்களின் பயனும்

கேரளத்தில் பள்ளியாண்டு ஜூன் மாதத்தில் தொடங்கி மார்ச் மாதத்தில் முடிவடைகிறது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பாதி எழுதிய குறிப்பேடுகள், மை தீர்ந்த பேனாக்கள், அட்டைகள், பைகள் ஆகியவை ஒதுக்கப்படுகின்றன. இரண்டு மாதங்களுக்குப் பின் இவற்றுட் பலவற்றைப் பெற்றோர் மீண்டும் விலை கொடுத்து வாங்குகின்றனர். சிறு செலவாகத் தோன்றினும், இதில் ஒரு பொருளாதாரப் பாடம் அடங்கியுள்ளது.

நகரம் கற்ற பாடம்

திருவனந்தபுரம் நகரின் குப்பை 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலையிலிருந்த ஆலைக்கு அனுப்பப்பட்டது. ஊர் மக்களின் கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. எறிபவர் ஒருவர், துன்பம் ஏற்பவர் வேறொருவர் என்ற நிலையைப் பொருளியலார் 'புறச்செலவு' என்பர். அதன்பின் கழிவு தோன்றுமிடத்திலேயே அதனைத் தரம் பிரிக்கும் முறையை நகரம் மேற்கொண்டது. 2016 டிசம்பர் 8-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஹரித கேரளம் இயக்கம் இம்முறையை மாநிலமெங்கும் வலியுறுத்தியது. மட்காத கழிவுகளை ஹரித கர்ம சேனை மகளிர் வீடு வீடாகச் சென்று சேகரிக்கின்றனர்.

பேனாவும் குறிப்பேடும்

இவ்வியக்கத்தின் 'பென் ஃபிரண்ட்' திட்டத்தின்கீழ், பயன்படுத்திய பேனாக்களைச் சேர்க்கப் பள்ளிகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. பேனா ஒன்றின் எடை சில கிராம்களே. தனிப் பேனாவைத் தேடி எந்த வணிகரும் வாரார். ஓரிடத்தில் குவியும்போதே அது விற்பனைப் பொருளாகிறது. எனினும், மை நிரப்பி மீண்டும் எழுதக்கூடிய பேனாவைப் பழகுவதே இதனினும் சிறந்தது. மறுசுழற்சிக்கு முன் மறுபயன், மறுபயனுக்கு முன் நுகர்வுக் குறைப்பு என்பதே உரிய வரிசையாகும்.

குறிப்பேட்டின் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்தால் கணக்குப் போடும் ஏடு கிடைக்கும். எழுதிய தாள் உலர்ந்திருந்தால் காகித ஆலைக்கு மூலப்பொருளாகும். உணவுக் கழிவுடன் கலந்து நனைந்தால் அதன் மதிப்புப் பெரிதும் குறைந்துவிடும். எனவே, பிரிக்க வேண்டிய இடம் வகுப்பறையே. பிரிக்க வேண்டிய காலம் பள்ளியின் இறுதி வாரமே.

பாடநூல்களின் நிலை

பாடநூலை மறுமுறை பயன்படுத்துவது பாடத்திட்டம் மாறாதிருக்கும் வரையில்தான் இயலும். கேரளத்தில் 1, 3, 5, 7, 9-ஆம் வகுப்புகளுக்கு 2024-இலும், 2, 4, 6, 8, 10-ஆம் வகுப்புகளுக்கு 2025-இலும் புதிய நூல்கள் வந்தன. அவ்வாண்டுகளில் பழைய நூல்கள் நூலகத்திற்கோ ஆலைக்கோ மட்டுமே உரியனவாயின. திருத்தம் முடிந்த இக்காலமே நூல்களைக் கைமாற்றுவதற்கு ஏற்றதாகும். ஆயினும், நூலிலேயே விடை எழுதும் கீழ்வகுப்புகளில் இதன் வாய்ப்புக் குறைவு.

கருத்திற் கொள்ள வேண்டியவை

பழைய பொருள் ஏழை மாணவருக்கு மட்டும் என்றால், அதைப் பெறும் குழந்தை வகுப்பில் தனித்துக் காட்டப்படும். அனைவரும் கொடுத்து அனைவரும் எடுக்கும் பொது அலமாரி இக்குறையை நீக்கும். விற்று வரும் தொகையும் கணக்கில் காட்டப்பெற்று, மாணவர் அறியச் செலவிடப்பட வேண்டும். தாம் எறியும் பொருளின் செலவை யாரோ ஒருவர் ஏற்கின்றார் என்பதை மாணவர் உணர்வதே இம்முயற்சியின் முதற்பயனாகும்.