ஷாக் வாங்கினால்தான் தொழில் வருமா?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகளில் சேரும் பிள்ளைகள், புத்தகத்தைத் திறக்கும் முன்பே சில பாடங்களைக் காதில் வாங்கிவிடுகிறார்கள். சீனியர் சொன்னது, தெருவில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னது, சில சமயம் பட்டறை ஆசிரியரே போகிற போக்கில் சொன்னது. இவற்றில் சில உயிரைக் குடிப்பவை. கற்றுத்தருபவர்கள் அவற்றை வகுப்பிலேயே எடுத்துப்போட்டு மறுத்தாக வேண்டும்.

“நாலு தடவை ஷாக் அடிச்சாத்தான் கை பழகும்.”

மின்சாரத்துக்கு உடம்பு பழகுவதே இல்லை. வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கை வழியே சுமார் 10 மில்லியாம்ப் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த வயரை விட முடியாமல் போகலாம். அதைப்போலச் சில மடங்கு நெஞ்சு வழியே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். போன முறை பிழைத்தவனுக்குக் கை காய்ந்திருந்தது, காலில் செருப்பு இருந்தது, அவ்வளவுதான். அதைத் திறமை என்று கொண்டாடும் பட்டறையில், பயந்து கேள்வி கேட்கும் மாணவன் வாயை மூடிக்கொள்வான். சரியாக யோசிப்பவன் அவன்தான்.

“லைவ் சப்ளை இல்லாம வயரிங் சொல்லித்தர முடியாது.”

முடியும். தொடக்கத்தில் அதுதான் நல்லதும்கூட. ஒரு 12 வோல்ட் அடாப்டர், சில டூவீலர் இண்டிகேட்டர் பல்புகள் போதும். படிக்கட்டு வயரிங்கும் குடோன் வயரிங்கும் 230 வோல்ட்டில் எப்படி வேலை செய்யுமோ, அப்படியே இதிலும் செய்யும்.

அடுத்தது மரப்பலகையில் முழு வயரிங். சப்ளைக்கு முன் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிட வேண்டும். பிறகு ஆசிரியர், 100 வாட் குண்டு பல்ப் கோத்த சீரீஸ் லேம்ப் வழியாகச் சப்ளை கொடுக்கட்டும். மாணவன் எங்காவது ஃபேஸையும் நியூட்ரலையும் நேராகச் சேர்த்திருந்தால் அந்தக் குண்டு பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். வெடிப்பு இல்லை, தீப்பொறி இல்லை. வயரிங் சரியென்றால், சுவிட்சைப் போட்டதும் இரண்டு பல்பும் மங்கலாக எரியும். பலகையிலும் குண்டு பல்பே இருக்கட்டும், எல்.இ.டி. குழப்பிவிடும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: சீரீஸ் லேம்ப் ஷார்ட்டைத்தான் அடக்கும், தொட்ட கையைக் காப்பாற்றாது. அந்த நேரத்தில் பலகையில் யார் கையும் இருக்கக் கூடாது.

மதிப்பெண் போடுவதிலும் கவனம் வேண்டும். சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டாலும் பல்ப் ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பிறகொரு நாள் பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறும் யாரோ ஒருவரின் விரல் அதில் படும். ஆகவே பல்ப் எரிகிறது என்பதற்காக மதிப்பெண் தராதீர்கள். சுவிட்ச் ஃபேஸைத்தான் வெட்டுகிறதா என்று சோதித்த பிறகு தாருங்கள்.

“டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லை.”

டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு, நம் உடம்பு வழியே தரைக்குப் போகும் துளி மின்சாரத்தில் எரிவது. மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாக எரியும். மொட்டைமாடி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. டெஸ்டரே பழுதாகவும் இருக்கலாம். கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக் பாயின்ட்டில் முதலில் வைத்துப் பார், அடுத்து வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் அதே பிளக் பாயின்ட்டில். இந்த மூன்றும் அனிச்சையாக வரும்வரை மாணவர்களைப் பழக்குங்கள்.

“மெயினை அணைச்சாச்சு, இனி பயமில்லை.”

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்? மெயினை அணைத்ததும் மின்வெட்டு என்று நினைத்து அது சப்ளை தர ஆரம்பித்துவிடும். அதையும் நிறுத்த வேண்டும். ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நம் பழைய வயர்மேன்களின் நல்ல வழக்கம். வேறொருவர் வந்து தெரியாமல் மெயினைப் போட்டாலும் கரண்ட் வராது.

“எம்.சி.பி. இருக்கே, அது காப்பாத்தும்.”

எம்.சி.பி. காப்பது வயரை. ஈரக்கையோடு தொட்டவர் உடம்பில் 230 மில்லியாம்ப் அளவுக்குப் பாயலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சிறு பல்பின் சுமை போலத்தான். ஆளைக் காப்பதற்கென்று இருப்பது 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. பட்டறைப் பலகைகளுக்குச் சப்ளை அதன் வழியாகவே வர வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது மாணவர்களையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் தரைத் தொடர்பே இல்லாமல், ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தவரை அதுவும் காப்பாற்றாது.

“ஷாக் அடிச்சவனை உடனே பிடிச்சு இழுக்கணும்.”

வெறுங்கையால் இழுத்தால் இரண்டு பேராக விழுவார்கள். முதலில் சப்ளையை நிறுத்த வேண்டும். அதற்காகவே, பட்டறையின் மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு முதல் நாளே எல்லோரையும் கூட்டிப்போய் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்த வழியில்லை என்றால், காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளிவிடலாம். ஆள் அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை.