முதல் நாளே எழுதிக் கொடுத்துடு

தங்கச்சி, மனைப்பட்டா விசாரணைக்கு நோட்டீஸ் வந்திருக்குன்னு நேத்து போன்ல சொன்னப்போ உன் குரலே சரியில்லை. விசாரிக்கப் போற அதிகாரி பக்கத்து வீட்டுக்காரருக்குச் சகலைன்னு வேற சொன்னே. "தோத்தா அப்புறம் சொல்லிக்கலாம்க்கா"ன்னியே, அது மட்டும் வேண்டாம். நான் அப்படி இருந்துதான் கெட்டேன்.

பல வருஷம் முன்னாடி ஒரு ஆபீஸ்ல எனக்கு விசாரணை. எதிர்த்தரப்புக்காரரும் விசாரிக்கிறவரும் ஒரே வண்டியில வந்து இறங்கினதைக் கண்ணால பார்த்தேன். வாய் திறக்கலை. உத்தரவு எதிரா வந்தப்புறம் மேல போய்ச் சொன்னா, "அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

சட்டமும் அதையேதான் கேக்குது. 1957-ல மாணக் லால்னு ராஜஸ்தான் வக்கீல் ஒருத்தர் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவரை விசாரிச்ச குழுவோட தலைவர், முன்னாடி புகார்தாரருக்காக வாதாடினவர். அப்படிப்பட்டவர் உட்கார்ந்திருக்கக் கூடாதுன்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. ஆனா தெரிஞ்சும் ஆரம்பத்துல ஆட்சேபிக்காததால அந்த வாதம் எடுபடலை.

அதனால விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடியே மனு கொடு. அவர் அநியாயம் பண்ணுவார்னு நீ நிரூபிக்க வேண்டாம். நியாயமா யோசிக்கிற யாருக்கும் சந்தேகம் வரும்னு காட்டினாப் போதும். 1969-ல கிராய்பக் வழக்குல, வனப்பணி தேர்வுக் குழுவுல இருந்த ஒருத்தரே அந்த வேலைக்கும் போட்டியாளர். தன் பேர் வந்தப்போ எழுந்து போயிட்டார், மத்தவங்களை எடைபோடும்போது கூடவே இருந்தார். அந்தத் தேர்வே ரத்தாச்சு. நம்ம அப்பாவை நினைச்சுப் பாரு. சம்பந்தியோட வலைத் தகராறு அவர் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்துக்கு வந்த அன்னைக்கு, யாரும் சொல்றதுக்கு முன்னாடியே துண்டை உதறிட்டு எழுந்து வந்துட்டார்.

மனுவுல உறவு முறையைத் தெளிவா எழுது. இதே மனை விஷயத்துல அவர் முன்னாடியே ஏதாவது முடிவெடுத்திருந்தா அதையும் சேர்த்துக்கோ. "அதட்டினார், முகம் கொடுக்கலை"ன்னு மட்டும் எழுதினா நிக்காது. திட்டி எழுதாதே. "வேறு அதிகாரி விசாரிக்க வேண்டுகிறேன்"னு கேளு. அவருக்கு ஒண்ணு, மேலதிகாரிக்கு ஒண்ணு, உன் பிரதியில தேதியோட சீல். வாங்க மறுத்தா பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கோ.

எதிர்த்தரப்பு கொடுத்த ஆவணங்களோட நகலையும் எழுத்துலயே கேளு. உனக்குக் காட்டாத காகிதத்தை வெச்சு உனக்கு எதிரா முடிவெடுக்கக் கூடாது. படிக்க நேரம் பத்தலைன்னா வாய்தா கேளு, அதுல வெட்கம் இல்லை. ஒவ்வொரு தடவையும் யார் யார் இருந்தாங்க, என்ன பேசினாங்கன்னு நோட்டுல குறிச்சு வை. நடுவுல அதிகாரி மாறினா, உன் தரப்பைத் திரும்பக் கேக்கச் சொல்லி மனு கொடு. கேக்கிறவர் ஒருத்தர், தீர்ப்பு சொல்றவர் இன்னொருத்தர்ங்கிறது தப்புன்னு 1959-லயே குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்குல சொல்லியாச்சு.

உத்தரவுல காரணம் எழுதியிருக்கான்னு பாரு. "நிராகரிக்கப்படுகிறது"ன்னு ஒரே வரி வந்தா மேல்முறையீட்டுல அதுவே உனக்கு ஒரு பிடி. வக்கீலுக்குப் பணம் இல்லைன்னு விட்டுடாதே. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் போடு.

செங்கழுநீர் அம்மன் தேருக்கு முந்தின நாளே வீராம்பட்டினம் வந்துடுவேன். அதுக்குள்ள மனுவை உன் கையாலயே எழுதி வை, தப்பா இருந்தாலும் பரவாயில்லை. திண்ணையில உட்கார்ந்து சேர்ந்து திருத்தலாம்.