ஆணுறை கிழிந்துவிட்டதா? உடனே செய்ய வேண்டியவை

1. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1.5 மி.கி. லெவோநோர்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே விழுங்குங்கள். கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. தாமதித்தால் பலன் குறையும். கரு தங்கிவிட்டால் இது கலைக்காது.

2. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இந்த மாத்திரை கிடைப்பதில்லை. கடை கடையாக அலையாமல் மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். கூச்சப்படாதீர்கள், இது உங்கள் உடல்.

3. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போடுங்கள். முதல் மாத்திரை உடலில் சேர்ந்திருக்காது.

4. வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா? மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றில் சில இந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும்.

5. 72 மணி நேரம் தாண்டிவிட்டதா? உறவு கொண்ட ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் காப்பர்-டி கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொள்ளலாம். மாத்திரையைவிட இதுவே உறுதியானது, பல ஆண்டுகளுக்கும் உதவும்.

6. அடுத்த உறவுக்கு ஆணுறை கட்டாயம். போட்ட மாத்திரை அதற்குக் காவல் இல்லை.

7. மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அடிவயிற்றில் கடுமையான வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம்.