கீயை மாற்றும் முன் காடியைப் பார்!



போன வருஷக் கல்லூரி விழாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டாரின் ஜி தந்தி சுருதி இறங்கிவிட்டது. பாட்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. வாசித்தவன் என் அறை நண்பன். "கீ லூஸ்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவனும் லீவில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆறு கீயையும் புதிதாக மாற்றினான். ஒரு வாரம் கழித்து கிட்டாரைக் கட்டில் மேல் போட்டுவிட்டுச் சொன்னான்: "அதே கதைதான்டா. இனிமே நான் மேடை ஏற மாட்டேன்."

கீ மேல் குற்றமே இல்லை. இரண்டாம் ஆண்டில் நாம் படித்த பெல்ட் பாடத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் அவன் பணம் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தந்தி எங்கே சிக்குகிறது?

கழுத்தின் முடிவில் எலும்பு அல்லது பிளாஸ்டிக்கில் ஒரு சிறு கட்டை இருக்கும். அதன் ஆறு காடிகள் வழியாகத் தந்திகள் கீக்குப் போகின்றன. அதன் பெயரும் நட்தான்! ஸ்பேனர் போடும் நட்டோடு குழம்பாமல் இருக்க, இதைத் 'தந்தி நட்' என்போம்.

1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் மாடலில் கீகள் பக்கத்துக்கு மூன்று. தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். 1960-களின் நடுவில் அதை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். இந்த அமைப்பில் தந்தி, தந்தி நட்டைத் தாண்டியதும் கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் திரும்புகிறது. நடுவில் உள்ள டி, ஜி தந்திகளுக்கு இந்தத் திருப்பம் அதிகம். நண்பனின் கிட்டாரும் இந்த ரகம்தான்.

1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கீயும் ஒரே பக்கம். பக்கவாட்டுத் திருப்பம் அநேகமாக இல்லை. தலை சாயாததால், மெல்லிய தந்திகளைக் கீழே அழுத்திப் பிடிக்க 'ஸ்ட்ரிங் ட்ரீ' என்ற சிறு கொக்கி வைத்தார்கள். அங்கே உராய்வு அந்தக் கொக்கியிலும் வரும்.

பெல்ட் கணக்கு

சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? இறுக்கப் பக்க இழுவிசையைத் தளர்ந்த பக்க இழுவிசையால் வகுத்தால், இ-யின் அடுக்கு (மியூ × தீட்டா). தீட்டா 17 டிகிரி, அதாவது 0.297 ரேடியன். மியூ 0.2 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.061. தந்தி நட்டுக்கு இருபுறமும் இழுவிசை 6 சதவீதம் வரை வேறுபட்டாலும் தந்தி நகராமல் நிற்கும் என்று அர்த்தம். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே சுருதிப் பிழையின் உச்ச எல்லை சுமார் 51 சென்ட். அரைச்சுருதி என்பது 100 சென்ட்.

பக்கவாட்டில் 8 டிகிரி திருப்பத்தையும் சேர்த்தால் மொத்தக் கோணம் சுமார் 18.7 டிகிரி. எல்லை 57 சென்ட். கூடியது 6 சென்ட்தான்!

இப்போது காடி குறுகி, தந்தியை இருபுறமும் ஆப்பு மாதிரி கவ்வுகிறது என்று வையுங்கள். இது வி-பெல்ட் கணக்கு. மியூவைப் பாதிக்கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். பாதிக்கோணம் 30 டிகிரி என்றால் மியூ இரண்டு மடங்கு. எல்லை 113 சென்ட், அரைச்சுருதிக்கும் மேல்! ஆகவே முதல் எதிரி கோணம் அல்ல, காடிதான்.

இரண்டு நிமிடச் சோதனை

கிளிப் ட்யூனரை மாட்டி ஜி தந்தியைச் சரியாகக் கூட்டுங்கள். தந்தி நட்டுக்கும் கீக்கும் இடையில் தந்தியை விரலால் அழுத்தி விடுங்கள். சுருதி ஏறியபடியே நின்றால் தந்தி காடியில் சிக்குகிறது. பிறகு வாசிக்கிற மாதிரி தந்தியை வளைத்து விடுங்கள். சுருதி இறங்கி நின்றால் அதே நோய். கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

எதை வாங்குவது?

முதலில் காடி. மெல்லிய உப்புத்தாளை மடித்துச் சுவர்களை மட்டும் லேசாகத் தேயுங்கள். அடியைத் தேய்த்தால் தந்தி இறங்கி, முதல் கட்டையில் இடித்து இரையும். பிறகு பென்சில் முனையால் கிராஃபைட் தடவுங்கள். வயலின்காரர்களுக்கு இது பழைய வித்தை.

அதற்கும் அடங்காவிட்டால்தான் துணைப்பொருள். பக்கத்துக்கு மூன்று கீ உள்ள தலைக்கு, தந்தியை நேராக வெளியேற்றி, பிறகு உருளை வழியாகத் திருப்பும் 'ஸ்ட்ரிங் கைடு' தகடு ஏற்றது. தந்தி காடிச் சுவரில் சாயாது. ஆறும் ஒரே பக்கம் என்றால், சாதா கொக்கிக்குப் பதில் உருளை வைத்த ஸ்ட்ரிங் ட்ரீ. லாக்கிங் கீ, சுற்றுகள் நழுவுவதைத் தடுக்கும். காடி உராய்வைக் குறைக்காது. தந்தி நட்டிலேயே தந்தியைப் பூட்டும் கிட்டாருக்கு இவை எதுவும் தேவையில்லை.

கடையில் உருளையை விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றாத உருளை உராய்வைக் குறைக்காது, இடம்தான் மாற்றும்.

மாட்டும் முறை

1. கீயின் முன்பக்கம் மரை போட்ட அறுகோண நட் இருக்கிறதா பாருங்கள். அடித்துச் செருகிய வளையம் மட்டும் இருந்தால் அதற்கேற்ற தகடு கேட்டு வாங்குங்கள். தலையில் துளை போட வேண்டாம்.

2. தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். தகட்டின் தாளில் காட்டிய கீகளின் நட்டுகளை ஸ்பேனரால் (பெரும்பாலும் 10 மி.மீ.) கழற்றித் தகட்டை வையுங்கள்.

3. நட்டைக் கையால் முடுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் திருப்புங்கள். ஒர்க்‌ஷாப் பலத்தைக் காட்டினால் மரை போகும், பாலிஷ் வெடிக்கும்.

4. தந்தி நட்டிலிருந்து உருளை வரை ஸ்கேல் வைத்து நேர்கோடு பாருங்கள். கீழ்நோக்கிய சாய்வு கொஞ்சமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தி காடியில் துள்ளும்.

5. கீத்தண்டில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக. தந்தியை மெதுவாக இழுத்து இழுத்துக் கூட்டுங்கள். எப்போதும் சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

6. முதலில் செய்த சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பலன் தெரியாவிட்டால் மறுபடியும் காடிக்கே போங்கள்.

அன்று இரவு அறையில் உப்புத்தாளும் பென்சிலும் வைத்தே பாதி நோய் தீர்ந்தது. மீதிக்குத் தகடு மாட்டினோம். நண்பன் ஜி தந்தியை வளைத்து விட்டான். ட்யூனர் முள் நடுவுக்கே திரும்பி வந்தது. மறுபடி வளைத்தான், மறுபடி வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "இந்த வருஷ விழா எப்போடா?" என்றான்.

பெல்ட் சூத்திரம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள், இந்த வருஷம் முன்வரிசையில் வந்து உட்காருங்கள்!

– ஒரு மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்