பழைய காரில் அசல் இன்ஜினை அறிவது எப்படி?

அசலையும் போலியையும் பிரித்துப் பார்ப்பது வியாபாரிகளாகிய நமக்குப் புதிய வேலை அல்ல. மூட்டையின் தையலைப் பார்த்தே அது ஆலையில் தைத்ததா, பிரித்து மறுபடி தைத்ததா என்று சொல்லிவிடுகிறோம். எண்ணெய் டின்னின் மூடி சற்று நெளிந்திருந்தாலும் சந்தேகம் கொள்கிறோம். எடைக்கல்லைக் கையில் எடுத்தால் முதலில் அரசு முத்திரையைத் தேடுகிறோம். ஆனால் பழைய கார் ஒன்று விலைக்கு வரும்போது மட்டும் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

கரிக்கலாம்பாக்கம் போன்ற ஊர்களில் மண்டியோ மளிகையோ நடத்திய குடும்பங்களில், அப்பா காலத்து அம்பாசிடர் கொட்டகையில் நிற்பது புதுமையல்ல. நெடுநாள் பாக்கிக்கு ஈடாக ஒரு பழைய வண்டி நம்மிடம் வந்து சேர்வதும் உண்டு. இங்கே நஷ்டம் இரண்டு வழியில் வருகிறது. எண் ஒத்துப்போகாத வண்டியை வாங்கினால் வழக்கும் அலைச்சலும் வந்து சேரும். அசல் பாகங்கள் உள்ள வண்டியை அதன் அருமை தெரியாமல் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் கைப்பொருள் போகும். இரண்டையும் தவிர்க்கும் வழியை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அசல் என்றால் என்ன?

நன்றாக ஓடும் இன்ஜின் எல்லாம் அசல் இன்ஜின் ஆகிவிடாது. மூன்று பொருத்தம் இருந்தால்தான் அசல் என்கிறோம். முதலாவது, வண்டியில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டாவது, அந்த மாடலுக்கு, அந்த ஆண்டில், தொழிற்சாலை பொருத்திய இன்ஜின் வகையாக அது இருக்க வேண்டும். மூன்றாவது, கார்புரேட்டர், டைனமோ போன்ற துணைப் பாகங்களும் அந்தக் காலத்தவையாக இருக்க வேண்டும். முதல் பொருத்தம் தவறினால் வண்டியை வாங்கவே கூடாது. மற்ற இரண்டும் தவறினால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும்.

எண்ணைப் படிக்கும் முறை

இன்ஜின் எண் பிளாக்கின் மீதே பொறித்தோ, சிறு தகட்டில் அடித்து ரிவெட் செய்தோ இருக்கும். அந்த இடத்தில் கிரீஸ் படிந்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அசல் அடையாளமும் சேர்ந்து அழிந்துவிடும். துடைத்த பின் எண்மீது வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். போக்குவரத்து அலுவலகப் படிவங்களில் சேசிஸ் எண்ணுக்கு ஒட்டுவதும் இந்தப் பென்சில் அச்சைத்தான்.

எண்ணைச் சுற்றி அரம் அல்லது கிரைண்டர் பட்ட கோடுகள் தெரிகின்றனவா? எழுத்துகளில் சில ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் விழுந்துள்ளனவா? வரிசை கோணலாக உள்ளதா? வண்டி முழுவதும் பழைய பெயின்ட் இருக்க, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பூசியிருக்கிறதா? துருப்பிடித்த தகட்டில் ரிவெட் மட்டும் புதிதாக மின்னுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விலை பேசுவதை நிறுத்திவிட வேண்டும்.

அம்பாசிடரில் பார்க்க வேண்டியவை

நம் பக்கம் அதிகம் கிடைக்கும் பழைய வண்டி அம்பாசிடர்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் இது. 1950களின் இறுதியில் வரத் தொடங்கி 2014இல் உற்பத்தி நின்றது. இவ்வளவு நீண்ட காலம் உருவம் பெரிதாக மாறாததால், ஒரு வண்டியின் இன்ஜினை இன்னொன்றில் மாற்றுவதும் எளிதாயிற்று. ஆகவே காலத்தை வைத்துத்தான் அசலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மிகத் தொடக்கத்து வண்டிகளில் பக்கவாட்டு வால்வு கொண்ட 1476 சி.சி. இன்ஜின் இருந்தது. அதன் தலைப்பகுதி தட்டையாக இருக்கும். 1959இல் அதற்குப் பதிலாக மேல் வால்வு கொண்ட 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வந்தது. இதன் உச்சியில் நீளமான ராக்கர் மூடி இருக்கும். ஸ்பார்க் பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு பக்கம், கார்புரேட்டரும் புகைக்குழாயும் எதிர்ப்பக்கம் என அமைந்திருக்கும். 1963இல் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என மாடல்கள் வந்தன. டீசல் இன்ஜின் மார்க் 4 காலத்தில்தான் சந்தைக்குப் பரவலாக வந்தது. 1800 சி.சி. இசுசு பெட்ரோல் இன்ஜின் 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதனுடன் ஐந்து கியர்களும் தரையில் கியர் கம்பியும் வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டில் இருக்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மார்க் 2 என்று சொல்லப்படும் வண்டியின் பானட்டைத் திறந்தால் பிளக் வயர் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, சிலிண்டருக்கு ஒரு இரும்புக் குழாய் வீதம் பம்பிலிருந்து போகிறது என்றால் அது பின்னாளில் மாற்றிய டீசல் இன்ஜின். பெட்ரோல் செலவைக் குறைக்க இப்படி மாற்றியவர்கள் பலர். அது அவர்கள் தேவைக்குச் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்றே இருந்தால் அது வாங்குபவரின் தலைவலி ஆகிவிடும்.

ஹெரால்டு கார்

சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அரிதாகக் கண்ணில் படும். இதில் முன்பக்கம் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். ஆகவே இன்ஜினைச் சுற்றி நின்று பார்க்கலாம். இங்கிலாந்தில் இதே காருக்கு 1147, 1296 சி.சி. என்று பெரிய இன்ஜின்கள் வந்தன; நம் நாட்டு ஹெரால்டில் 948 சி.சி.தான். பெரிய இன்ஜின் இருப்பதாக யாராவது பெருமையாகச் சொன்னால், அது அசல் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம்.

துணைப் பாகங்கள்

மேலே மணி கவிழ்த்தது போன்ற கிண்ணம் உள்ளது எஸ்.யு. வகைக் கார்புரேட்டர். பழைய அம்பாசிடரில் இது இருந்தால் நல்லது. பழைய வண்டிகளில் பேட்டரிக்குச் சார்ஜ் தருவது நீண்ட உருளை வடிவ டைனமோ. பின்னாளில்தான் குட்டையான ஆல்டர்னேட்டர் வந்தது. பாகங்களில் வார்ப்பிலேயே உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான அசல் பாகத்தைக் கழற்றி மாற்றினாலும் எறிந்துவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தால் மதிப்பு உண்டு.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜின் மாற்றம் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு ஆர்.சி.யில் ஏற வேண்டும். 2019இல் வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது.

அசலாகவே காப்பாற்றியவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. 2021இல் வெளியான விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி உள்ள சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் இப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்த முடியாது. சரக்கு ஏற்ற நினைப்பவர்களுக்கு இது உதவாது.

நம் புதுச்சேரிக் கிராமங்கள் தமிழகக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. அடுத்த ஊர் என்று நினைத்து வாங்கும் வண்டி வேறு மாநிலப் பதிவாக இருக்கக்கூடும். அப்படியானால் அங்குள்ள அலுவலகத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு எண் பெற வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

1. ஆர்.சி. அசலைக் கேளுங்கள், நகலை நம்பி முன்பணம் வேண்டாம்.
2. இரு எண்களையும் பென்சில் அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.
3. மாடல் ஆண்டுக்கு இன்ஜின் வகை பொருந்துகிறதா என்று பழைய வண்டி பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கேளுங்கள். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம்.
4. ஆர்.சி.யில் நிதி நிறுவனக் கடன் குறிப்பு இருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே கிரயம் பேசுங்கள்.
5. இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் குறிப்பிட்டு ரசீது எழுதி வாங்குங்கள். பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள்.

பாக்கிக்கு ஈடாக வரும் வண்டிக்கும் இதே முறைதான். பழகிய மனிதர் என்பதற்காக எண்ணைப் பார்க்காமல் விடுவது முத்திரை இல்லாத எடைக்கல்லை வாங்குவது போன்றது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். ஒரு தாளும் பென்சிலும் கல்லாவிலேயே இருக்கின்றன.