உருளைமேல் ஓடும் வண்டி

நிலைபெயராமல் வண்டியை ஓடச்செய்து அதன் ஆற்றலை அளக்கும் உருளைப்பொறி, சென்னையையடுத்த ஒரகடத்து வாகன ஆராய்ச்சி நிலையத்தில் உளது. 1980இல் வெளிவந்த ஔடி குவாட்ரோ போன்ற விரைவுக் கார்களில் எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். அத்தகையதன் பின்சக்கரங்களை மாத்திரம் உருளைமேல் ஏற்றினால் நேர்வதென்ன? தரைமீதுள்ள முன்சக்கரங்களும் விசைபெற்று வண்டியை வெளியே பாயச்செய்யும். அன்றேல் இடையிலுள்ள பற்சக்கரத் தொகுதி சூடேறிச் சிதையும். ஆதலின் நான்கு சக்கரங்களும் உருளைகள்மேல் அமைதலும், முன்பின் உருளைகள் ஒரே வேகத்திற் சுழலுதலும் இன்றியமையாதன.

வண்டியை முன்னும் பின்னும் வார்ப்பட்டைகளால் தரையோடு இறுகப் பிணிக்க, டயர்களைச் சோதிக்க, பெருவிசிறியாற் குளிர்விக்க, நச்சுப்புகையைக் குழாய்வழி வெளியேற்றுக. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகமாவது நொடிக்கு 40 மீட்டர். டயரிற் சிக்கிய சிறு கல்லும் அவ்வேகத்தில் தெறிக்கும். ஆகலின், மாணவ நண்பர்காள், வண்டி நகரவில்லையே என்றெண்ணி அதன் முன்னும் பின்னும் நில்லற்க.